கருமாதி வீட்டு நாய்

சாவு விழுந்த வீட்டில் முதலில் கட்டிப்போடப்படுவது நாய்தான். பந்தல் போட ஆள் வந்துவிடும், நாற்காலிகள் இறங்கும், ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் உறவுகள் வந்து சேரும். பழகாத கால்களைப் பார்த்துக் குரைக்கிற நாயை யாராவது ஒரு பையன் பின்பக்கம் இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியோரம் கட்டுவான். பெட்டி எடுத்த பிறகு, ஞாபகம் இருந்தால், அவிழ்த்துவிடுவான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பிள்ளைகள் வண்டி ஏறப்போகும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கும்: “சரி, இத என்னா பண்றது?”

நேற்றுவரை அதற்கு மணி என்றோ டைகர் என்றோ ஒரு பெயர் இருந்தது. இன்றைக்கு அது ‘இது’.

வளர்த்தவர் போன பிறகு வளர்த்த பிராணியை யார் பார்ப்பது என்பதைப் பணக்காரர்களின் கவலை என்றே நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். செய்திகளும் அப்படித்தான் வருகின்றன. நியூயார்க்கின் ஓட்டல் முதலாளி லியோனா ஹெம்ஸ்லி 2007 ஆகஸ்டில் இறந்தபோது, ‘டிரபிள்’ என்ற தன் மால்டீஸ் நாய்க்கு 1 கோடியே 20 லட்சம் டாலரை ஒதுக்கியிருந்தார். பேரப்பிள்ளைகள் நால்வரில் இருவருக்கு ஒரு காசும் இல்லை. மறு ஆண்டு நீதிமன்றம் அந்தத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. அது போதாதா என்றால், நாயின் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 1,90,000 டாலர் என்று கணக்குக் காட்டப்பட்டது. அதில் காவலுக்கு மட்டும் 1,00,000. கொலை மிரட்டல் வந்த நாய் அது. 2010 டிசம்பரில் கிழடாகிச் செத்தது.

இந்தியாவில் ரத்தன் டாட்டா 2024 அக்டோபர் 9 அன்று மறைந்த பிறகு, அவர் உயிலில் டிட்டோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயின் பராமரிப்புக்கு வழி செய்திருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நெடுநாள் அவருக்குச் சமைத்துப்போட்டவரிடம் போனது. ஹெம்ஸ்லியின் கோடிகளைவிட எனக்கு இந்தச் சமையல்காரர் முக்கியமாகப் படுகிறார். அந்த நாய்க்கு யார் கையால் சோறு வந்ததோ அந்தக் கைக்கே நாயும் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் பம்பாய் மாளிகைக்கும் கம்போங் ராஜா தோட்டத்து லயத்து வீட்டுக்கும் வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. அது வீடு.

கம்போங் ராஜா மலேசியாவின் கேமரன் மலையில் வடகோடி. சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் காணும் முதல் ஊர். ஒரு பக்கம் புளூ வேலியின் தேயிலைச் சரிவு, மறு பக்கம் கண்ணெட்டும் தூரம்வரை பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதும், 1933-இல் பாரத் தோட்டம் வந்ததும் இந்த மலையில் தமிழர் குடியேறிய கதையின் முதல் பக்கங்கள். அன்றிலிருந்து இன்றுவரை மாறாத விதி ஒன்று உண்டு. தோட்டத்து வீடு வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் கூரை, தண்ணீர், கழிவறை இப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை பார்த்தவர் கண்மூடிய பிறகு அந்த வீட்டில் யார் இருக்கலாம் என்பது நிர்வாகத்தின் கையில். வீட்டில் வேலை பார்க்கும் கடைசி ஆள் போனால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் தோட்டத்தில் ஒரு மரணம் நடந்தால் மறைவதில் வீடும் சேர்ந்திருக்கிறது. மனைவி பிழைத்திருந்தால் மகன் வீட்டுக்குப் போவார். மகன் வீடு ஈப்போவிலோ ஷா ஆலாமிலோ அடுக்குமாடியில் இருக்கும். 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளில் பிராணிகளைப் பற்றி ஒரு விதி உண்டு. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்தில் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். தேயிலை மேட்டில் பத்து வருஷம் அவிழ்த்துவிட்டு வளர்த்த நாய் ஒன்பதாம் மாடியில் எப்படிக் குரைக்காமல் இருக்கும்? பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் இருந்தால் கதை இன்னும் இறுகும். அங்கே அரசாங்க அடுக்குமாடிகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததே 2024 செப்டம்பரில்தான். நாய் என்றால் பட்டியலில் உள்ள சிறிய இனத்தில் ஒன்று. லயத்து நாட்டு நாய் அந்தப் பட்டியலில் வராது.

“அப்பா வளர்த்தது, எப்படிங்க விட்டுட்டுப் போறது” என்று அழுகிற மகளை நான் சந்தேகிக்கவில்லை. அவள் கண்ணீர் உண்மை. நாயைக் கொண்டுபோக அவளுக்கு இடமில்லை என்பதும் உண்மை.

சட்டத்துக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. நாற்காலி, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள் வரிசையில் அதுவும் ஒன்று. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவருக்கு 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும்: மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. முஸ்லிம்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறை. அதற்கு வெளியே மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுதிவைக்க இடமுண்டு. இவையெல்லாம் சொத்துக்கு ஆசைப்படும் வாரிசுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்குகள்.

தோட்டத்தில் மாடு வளர்த்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். சினைமாடு விட்டுப்போனவர் வீட்டில் பங்காளிகள் பங்கு கேட்டு வருவார்கள், சண்டைகூட வரும். நாயை விட்டுப்போனவர் வீட்டில் எல்லோரும் தங்கள் பங்கை அடுத்தவருக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. யாருக்கும் வேண்டாத சொத்து ஒன்று, அதுவும் வயிறு உள்ள சொத்து, பகிர்வுச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள்ளும் சரியாக உட்காருவதில்லை.

அப்படியானால் உயிலில் நாய்க்குப் பணம் எழுதலாமா? முடியாது. நாய் வங்கிக் கணக்கு திறக்காது, ஏமாற்றினால் வழக்குப் போடாது. அறக்கட்டளை என்றால் அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும் என்று ஆங்கில நீதிமன்றங்கள் 1805-லேயே சொல்லிவிட்டன. ஆனால் அதே நீதிமன்றங்கள் பிராணிகள் விஷயத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டன. 1842-இல் ஒரு கறுப்புப் பெட்டைக் குதிரைக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஒதுக்கிய உயில் செல்லுபடியானது. 1889-இல் டீன் என்பவரின் வழக்கில், குதிரைகளையும் வேட்டை நாய்களையும் பராமரிக்க ஆண்டுக்கு 750 பவுன் வீதம் 50 ஆண்டுவரை எழுதிவைத்ததை நீதிபதி நார்த் ஏற்றுக்கொண்டார். பொறுப்பாளர் செய்தால் செய்யலாம், செய்யாவிட்டால் வற்புறுத்த ஆளில்லை என்ற அரைகுறை அறக்கட்டளை அது.

நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து வழக்கு கம்போங் ராஜாவுக்கு எதற்கு என்று கேட்கலாம். மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நம் எழுதப்பட்ட சட்டம் பேசாத இடத்தில், 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்தில் பின்பற்றச் சொல்கிறது, இந்த நாட்டின் சூழலுக்குப் பொருந்துகிற அளவுக்கு. ஆகவே வழக்கறிஞர் ஒருவர் இந்த விஷயத்தில் வாதாட எழுந்தால் அந்தக் குதிரைகளும் வேட்டை நாய்களும் அவரோடு சேர்ந்து எழுந்து நிற்கும்.

கால வரம்பு பற்றியும் ஒரு சுவையான தீர்ப்பு உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாடு, உயிரோடிருக்கும் ஒருவரின் ஆயுளையும் அதன்மேல் 21 ஆண்டையும் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. 1932-இல் அயர்லாந்தில், நான்கு வேட்டை நாய்களுக்குப் பணம் விட்டுப்போன ஒருவரின் வழக்கில், ‘உயிர்’ என்றால் நாயின் உயிரைக் கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்வி வந்தது. மனித உயிர்தான் கணக்கு என்றார் நீதிபதி. நாய்க்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அது 21 வருஷம் வாழ்ந்தால் அதிசயம். கிளிக்கும் ஆமைக்கும்தான் சிக்கல். பெரிய வகைக் கிளிகள் வளர்த்தவரைத் தாண்டி இன்னொரு தலைமுறையையும் பார்த்துவிடும். உள்ளூர்ப் பறவைகளிலும் வெளிநாட்டுப் பறவைகளிலும் பலவற்றுக்கு 2010-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டப்படி உரிமம் வேண்டும். கூண்டோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

அமெரிக்கா இந்த அரைகுறை நிலையை வெட்டித் தள்ளிவிட்டது. மாநிலம் மாநிலமாகப் பிராணி அறக்கட்டளைச் சட்டம் இயற்றினார்கள். 2016-இல் மினசோட்டா கடைசியாகச் சேர்ந்ததோடு ஐம்பது மாநிலங்களும் முடிந்தன. பணத்தை ஒருவர் வைத்திருப்பார், நாயை இன்னொருவர் வைத்திருப்பார், இருவரையும் கேள்வி கேட்க மூன்றாவது ஒருவரை நீதிமன்றம் நியமிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்குப் பணமும் வேண்டும்.

நம் ஊர்க்காரர் கையில் இருப்பது வேறு. பெரும்பாலும் நிலம் கிடையாது. இருப்பதெல்லாம் ஊழியர் சேமநிதி, கொஞ்சம் நகை, ஒரு மோட்டார் சைக்கிள். அசையும் சொத்து மட்டும், அதுவும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் நீதிமன்றம் போகாமலே அறங்காவல் நிறுவனமான அமானா ராயா வழியாகச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். சேமநிதிப் பணமோ, பெயர் எழுதிவைத்திருந்தால், அந்தப் பெயருக்குரியவருக்கு நேராகப் போய்விடும். உறுப்பினர் முஸ்லிம் அல்லாதவரானால் அது நியமிக்கப்பட்டவரின் சொந்தப் பணமாகவே போகும். அந்தப் படிவத்தில் நாயின் பெயரை எழுத முடியாது. ஆனால் நாயை ஏற்கப்போகிறவருக்கு அதில் ஒரு சிறு விழுக்காட்டை ஒதுக்க முடியும். கல்யாணம் ஆனால் பழைய நியமனம் ரத்தாகும், நியமிக்கப்பட்டவர் முந்திக்கொண்டு செத்தாலும் பயனில்லை. ஆகவே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மறக்கிற காகிதமல்ல அது. ஓய்வு பெற்றபோதே சேமநிதியை முழுக்க எடுத்து, மகள் கல்யாணத்துக்கும் மகன் காருக்கும் கொடுத்து முடித்தவருக்கு இந்த வழியும் அடைந்துபோகிறது.

உயில் எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிவைத்த எதுவும் செல்லாது. லயத்தில் சாட்சி யார்? பக்கத்து வீட்டுக்காரர். நாயையும் அதன் செலவுக்கு ஐந்நூறு ரிங்கிட்டையும் யாருக்கு எழுதியிருப்போம்? அதே பக்கத்து வீட்டுக்காரருக்கு. நல்லெண்ணத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னால் காரியம் கெட்டது.

இதையெல்லாம் சுற்றிவந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: தோட்டத்து நாய்க்கு உயில் தாமதமாக வருகிற சோறு. உயிலை எடுத்துப் படிப்பதற்கே கருமாதி ஆகிவிடும். நிர்வாகப் பத்திரம் கைக்கு வர மாதங்கள் ஓடும். நாய்க்குப் பசி அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிடும். அந்த முதல் சாயங்காலத்தைச் சட்டம் பார்ப்பதில்லை, ஊர்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் பார்க்கத்தான் செய்கிறது, தண்டிக்கிற பக்கம். 2015-ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ‘உரிமையாளர்’ என்று அது சொல்லும்போது அந்த நேரத்தில் பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அப்பா நாய், எனக்கென்ன என்று வண்டியில் ஏற்றி மலையிறங்கும் வழியில் இறக்கிவிடுகிற மகன், ஏற்றிய அந்தக் கணத்திலிருந்து பொறுப்பாளிதான். மலைச்சாலையில் காய்கறி லாரிகளுக்கு நடுவே நின்று திரும்பிப் பார்க்கும் நாய்களைக் கண்டவர்களுக்கு இது கற்பனையல்ல என்று தெரியும். உரிம வில்லை இல்லாமல் திரிந்தால் ஊராட்சி ஆட்கள் பிடிப்பார்கள். அந்த உரிமமும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, புதுப்பித்தவர் போய்விட்டார்.

ஹச்சிகோவை எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் உவேனோ 1925 மே 21 அன்று இறந்த பிறகு, 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய். படம் பார்த்து அழுதிருக்கிறோம். அந்தப் பத்து வருஷம் அதற்குச் சோறு போட்டது யார் என்று நாம் கேட்பதில்லை. உவேனோவோடு வாழ்ந்த பெண்மணி முறைப்படி மணம் முடித்தவரல்ல. உவேனோ போனதும் அந்த வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறினார். நாய் உறவுக்காரர் வீடு வீடாகக் கை மாறியது. கடைசியில் பழைய வீட்டுத் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார். வீடு போனதால் நாய் அலைந்தது, தோட்டக்காரரால் பிழைத்தது. ஷிபுயாவில் சிலை நாய்க்கு இருக்கிறது. தோட்டக்காரருக்கு இல்லை.

நம்மிடமும் கல்லில் நின்ற நாய் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவலாக நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. வீரனுக்குப் பின்னால் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். செத்தவன் பெயரோடு நாயின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று ஓர் ஊருக்கு அன்று தோன்றியிருக்கிறது. ‘இது’ என்று எழுதவில்லை.

இன்னொரு துருவமும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அம்மாள் தன் உயிலில், தான் செத்ததும் நாய் சிடோவைக் கொன்றுவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். வேறு யாரும் தன்னைப் போல் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம். விலங்கு நலச் சங்கம் கொடுக்க மறுத்தது. 1980-இல் கலிபோர்னியா தனிச்சட்டமே இயற்றி அந்த நாயைக் காப்பாற்றியது. “நான் போனா இதுவும் எங்கூடயே வந்துடணும்” என்று நம் கிழவிகளும் சொல்வதுண்டு. அன்பின் உச்சம்போலத் தெரியும். மாற்று ஆள் தேடும் சிரமத்தைத் தவிர்க்கும் பேச்சும் அதுதான்.

மாற்று ஆள் யார்? கம்போங் ராஜாவில் இதற்கு ஒரு தனிப் பதில் இருக்கிறது. பூனை என்றால் மலாய்க் குடும்பங்கள் மகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். நாய் என்றால் அவர்களிடம் கேட்பது முறையல்ல. காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீனர்களுக்குக் காவல் நாய் வேண்டும், குரைக்கத் தெரிந்தால் போதும். மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களும் நாயோடு வாழ்ந்தவர்கள். லயத்து நாய்க்குத் தோதான வாரிசு ரத்த உறவில் கிடைக்காமல் போனாலும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் கிடைக்கலாம். சாவுக்குப் பிறகு தேடினால் கிடைக்காது. உயிரோடிருக்கும்போதே போய், “அண்ணே, எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவனப் பாத்துக்குவீங்களா” என்று கேட்டு, அவர் வாயால் சரி என்று சொல்ல வைக்க வேண்டும். இப்படிப் பேசினாலே அபசகுனம், வாய் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பெண்டாட்டி முறைப்பார். பதினேழு வகைப் பலகாரத்தோடு தலைத்திவசம் எப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் உயிரோடிருக்கும்போதே விலாவாரியாகச் சொல்லிவைக்கிற சமுதாயம் நாம்.

பிரிட்டனில் நாய் நலச் சங்கங்கள் சில, வளர்ப்பவர் இறந்தால் நாயைத் தாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே பதிவு செய்து, பணப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் கொடுக்கின்றன. இங்கே காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன, கிழட்டு நாட்டு நாயைக் கொண்டுபோய் விடுவது அதைக் கூண்டில் முடிப்பதற்குச் சமம். ஆனால் அந்த அட்டைக்கு இணையான ஒன்று நம் தோட்டங்களில் நெடுங்காலமாகவே இருக்கிறது: மரண சகாய நிதி. மாதச் சந்தா, ஒரு தடித்த நோட்டு, ஒரு செயலாளர். சாவு விழுந்தால் முதலில் படியேறுகிறவர்கள் அந்த நிதிக்காரர்கள்தான். பெட்டி, பந்தல், ஐயர், வண்டி எல்லாம் அவர்கள் கணக்கு. உறுப்பினர் பெயருக்கு எதிரே வாரிசு பெயர் எழுதும் அந்த நோட்டில் இன்னொரு கட்டம் போட என்ன செலவு? வீட்டில் என்ன பிராணி, யார் எடுத்துக்கொள்கிறார், அவர் தொலைபேசி எண். சகாயத் தொகையில் ஐம்பது ரிங்கிட் முதல் மாதத்துச் சோற்றுக்கு. பந்தல்காரரைக் கூப்பிடும்போதே அந்த எண்ணுக்கும் ஒரு போன்.

கட்டத்தில் எழுத வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கடைசியாக எப்போது ஊசி போட்டது, கருத்தடை செய்ததா, எந்தக் காலில் பழைய காயம். பிறகு, அதற்குத் தெரிந்த வார்த்தைகள். குவாலா தெர்லா பக்கத்து முள்ளங்கித் தோட்டத்தில் ஹக்கா பேசும் வீட்டுக்குப் போகிற நாய்க்குத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். ‘உக்காரு’ என்றால் உட்காரும். ‘போடா’ என்றால் போகாது, கொஞ்சுவதாக நினைத்து வாலாட்டும். ‘சாப்டியா’ என்று யாராவது கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும்.